கிளீனரின் நகம்

வெட்டிய நகத்தைப் பொற்கொடி தன் கையில் இழுத்துப் பார்க்கிறார். பூனையின் முன்னங்காலை இரண்டு விரலால் பிடித்து, தன் இடது முழங்கைக்குக் கீழே, வெயில் படாத உட்புறத் தோலில் மெதுவாக ஒரு இழுப்பு. வெள்ளைக் கோடு விழுந்தால் நகவெட்டியில் இருக்கும் அரத்தால் அந்த நகத்தை இரண்டு ராவு ராவுவார். கோடு விழாவிட்டால், "ம், இது போதும்" என்று அடுத்த விரலுக்குப் போய்விடுவார். பூனை மீன் சோறு தின்ற அசதியில் அவர் மடியில் அரைக்கண் மூடிக் கிடக்கிறது.

விரலால் தொட்டுப் பார்த்தால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"வெரலுக்கு எங்க சார் தெரியுது?" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தடித்துக் கிடந்தன. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் அந்தப் பால் தோலைத் தின்னாமல் விடாது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைக்கிற கை அது. முள் குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். ஆகவே கூர்மை பார்க்க முழங்கைத் தோல். அதில் பழைய கீறல்கள் மெல்லிசாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ் நிற்கும் ஒரு சின்ன ஊரில் அவர் வீடு. சிமெண்ட் ஓடு, முன்னால் கிரில் போட்ட வராண்டா, பின்னால் முந்திரி வறுக்கிற கொட்டகை. நான் அங்கே பருப்பு வாங்கப் போகிறவன். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் எனக்கு முழுப்பருப்பு கிடைக்கும்; மற்றவர்களுக்குப் பாதி உடைசல் கலந்துதான். பூனைகளைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாலைத் திருடும், கூப்பிட்டால் வராது. அதற்கு ஒரு மனுஷி உட்கார்ந்து நகம் வெட்டிவிடுகிறார் என்று முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மனிதரைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை.

அவர் பழனிச்சாமி, பொற்கொடியின் கணவர். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு காங்கேயத்துக்கு லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். அதற்காக அவர் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஊசிகள் அந்த இடத்தில்தான் இறங்கும். வீட்டில் அதற்கு 'ஊசிக்கை' என்று பெயர். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று அதிரும். காதை வைத்தால் தொலைவில் லாரி மேடேறுகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் நின்றுபோனால் கை அடைத்துவிட்டது என்று பொருள். கை அடைத்தால் உடனே ஓட வேண்டும். தாமதித்தால் ஊசி போட வழியில்லாமல் போய்விடும். டயாலிசிஸ் டெக்னீசியன் அருள்தாஸ் இதை முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

ஆகவே காலையிலும் மாலையிலும் பொற்கொடி அந்தக் கையில் காதை வைத்துக் கேட்பார். அவர் வீட்டு ஃபேன் பழசு, கடகடவென்று கத்தும். முதலில் அதை நிறுத்துவார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் சரி, கையின் இரைச்சல் காதில் விழுந்த பிறகுதான் ஃபேன் மறுபடி சுற்றும். "எஞ்சின் ஓடுது புள்ள, ஃபேனப் போடு" என்று பழனிச்சாமி முனகுவார். அவர் சொல்வதை இவர் நம்புவதில்லை. தானே கேட்க வேண்டும்.

பூனை அவர் ஓட்டிய கடைசி லோடில் வந்தது. தார்ப்பாய் மடிப்புக்குள் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்ததாம். லாரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்ததால் அதற்குக் 'கிளீனர்' என்று பெயர் வைத்துவிட்டார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவருக்கு மிச்சமிருக்கிற கிளீனர் அதுதான். வீட்டில் எத்தனையோ இடமிருக்க, அது படுப்பது ஊசிக்கைக்குப் பக்கத்தில். அந்த அதிர்வு அதற்குப் பிடித்திருக்கிறது போலும். தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு தானும் உர்ரென்று இரைய ஆரம்பித்துவிடும்.

அருள்தாஸ் இதைக் கேள்விப்பட்டுத் திட்டினார். அந்த இடத்தில் கீறல் விழுந்தால் சீழ் பிடிக்கும், டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு விழுந்தால் ரத்தம் சுலபத்தில் நிற்காது, விளையாட்டா என்று கேட்டார். பழனிச்சாமி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். கடைசியில், பூனையை வெளியே விடவே கூடாது, நகம் ஒட்ட இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அருள்தாஸ் இறங்கி வந்தார். வராண்டா கிரில்லில் கொசுவலைக் கம்பி அடித்தது அப்போதுதான்.

முதல் தடவை பொற்கொடி அவசரத்தில் ஒட்டவே வெட்டிவிட்டார். ரத்தம் வந்தது. பூனை பரண்மேல் ஏறிக்கொண்டு சோற்றுக்கும் இறங்கவில்லை. மறுநாள் அதை ஒயர்கூடையில் போட்டு மேலே துணியைக் கட்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வரிசையில் முன்னால் இரண்டு ஆடு, ஒரு சினை மாடு. மாட்டுக்காரர் ஒருவர், "பூனைக்கெல்லாமா சீட்டுப் போடுவாக?" என்று கேட்டதற்கு, "ஒங்க மாட்டுக்குப் போடுறாகல்ல?" என்றாராம் இவர்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். பாதத்தை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் உறைக்குள்ளிருந்து நகம் தானே வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் ரோஜா நிறத்தில் ஒரு தண்டு தெரியும். அதில் ரத்தமும் வலியும் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டு, வளைந்த வெள்ளை நுனியை மட்டும் எடுக்க வேண்டும். தப்பித் தவறி ரத்தம் வந்தால் மைதா மாவை வைத்து அழுத்த வேண்டும். திமிறினால் பிடித்து மல்லுக்கட்டக் கூடாது, விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே, கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் தனியாக இருக்கும். அது தரையில் படாது, தேயாது. மறந்துவிட்டால் வளைந்து சதையிலேயே குத்தும். அதை விடக் கூடாது.

"முந்திரி மாதிரித்தான் சார்" என்றார் பொற்கொடி. "ஓடு ஒடையணும், பருப்பு ஒடையக் கூடாது. அடி போடுற வேலை இல்ல, அடிய நிறுத்துற வேலை."

பழகிய பிறகு பூனையும் ஒத்துழைத்தது. ஆனால் பொற்கொடி நாள் கிழமை பார்க்கிறவர். செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது. அமாவாசையன்று கூடாது. விளக்கு வைத்த பிறகு கூடாது. வீட்டுக்குள் வைத்துக் கூடாது. இதெல்லாம் மனிதர் நகத்துக்கா, பூனை நகத்துக்குமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. நகம் என்றால் நகம்தான். பூனையோ சாயங்காலம் வயிறு நிறைந்த பிறகுதான் காலைத் தரும். ஆகவே நகம் வெட்டுகிற அன்றைக்குத் தெருவெல்லாம் விளக்கெரிய, இவர் வீட்டு சாமி படம் மட்டும் இருட்டில் இருக்கும். வராண்டாவில் செய்தித்தாளை விரித்து, வேலையை முடித்து, நகத் துண்டுகளைச் சுருட்டி எறிந்து, கைகால் கழுவிவிட்டுத்தான் விளக்கை ஏற்றுவார்.

போன ஆடியில் இந்தக் கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது. நகம் வளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை, கூடாது. புதன்கிழமை அமாவாசை. வியாழக்கிழமை டயாலிசிஸ் தாமதமாகி, வரும்போதே நன்றாக இருட்டிவிட்டது; அதற்குமேல் விளக்கைத் தள்ளிப்போட முடியாது. அடுத்தது வெள்ளி, அதுவும் ஆடி வெள்ளி. சரி, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பழனிச்சாமி டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தார். பூனை வழக்கமான இடத்தில் தலையை வைத்தது. அடுப்பில் குக்கர் விசிலடித்தது. பூனை திடுக்கிட்டுத் துள்ளியதில் அந்தக் கட்டைவிரல் நகம் தோலில் மாட்டி இழுத்துவிட்டது. ஊசிபோடும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே. பொற்கொடி ஓடிவந்து துணியை வைத்து அழுத்தினார். துணி நனைந்தது. அடுத்த துணியும் நனைந்தது. வலது கையால் அழுத்திக்கொண்டே இடது கையால் ஆட்டோவுக்குப் போன் போட்டார். புதுக்கோட்டை போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. "சாயங்காலம் கையை விரிக்கிறேன், விரிய மாட்டேங்குது" என்றார் என்னிடம்.

ரத்தம் நின்றது, கையும் பிழைத்தது. அருள்தாஸ் இந்தத் தடவை திட்டவில்லை. "அக்கா, பூனையா அவரான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றார். மறுநாளே ஒயர்கூடை அறந்தாங்கி பஸ்ஸில் ஏறியது. அங்கே பொற்கொடியின் தங்கை வீட்டில் பூனை இறங்கிக்கொண்டது.

பழனிச்சாமி கோபப்படவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் வேணாம் புள்ள" என்றார். கெஞ்சிப் பார்த்தார் இவர். கத்திப் பார்த்தார். அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானத்துக்குள் முகம் ஊதிவிட்டது. மூச்சு வாங்கியது.

"மொகத்தப் பாத்தேன் சார். அந்த மனுசன் போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. பூனைக்காக இல்ல. ஒண்ணொண்ணா எல்லாம் போயிருச்சு, வண்டி போச்சு, வாய் நெறையத் தண்ணி குடிக்கிறது போச்சு, இதும் போச்சுன்னா எதுக்குன்னு." பக்கத்து வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்தார். பொழுது சாய்வதற்குள் கூடையோடு திரும்பிவிட்டார். வாசலிலேயே உட்கார்ந்து, கிழமையைப் பார்க்காமல் எல்லா நகத்தையும் வெட்டினார். அது செவ்வாய்க்கிழமை, அதுவும் ஆடிச் செவ்வாய். பிறகு பூனையை உள்ளே விட்டார். அது நேராகக் கட்டிலுக்குப் போனது. மறுநாள் விடியும்போது, விட்டுப்போன டயாலிசிஸுக்காக, பழனிச்சாமி சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தார்.

கிழமை மீறியதற்கு ஆத்தாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மாரியம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "இது நகமில்ல ஆத்தா, மருந்துன்னு நெனச்சுக்கன்னேன். கோவமிருந்தா எம்மேல காட்டு, அங்கிட்டுக் காட்டாதன்னேன்." தன் சொந்த நகத்தை அவர் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வெட்டுவதில்லை.

போன வாரம் நான் போனதும் வெள்ளிக்கிழமைதான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் டயாலிசிஸில் பழனிச்சாமிக்கு பிரஷர் ரொம்பவும் இறங்கிவிட்டதாம். அப்படி இறங்கினால் கை அடைத்துக்கொள்ளக்கூடும், கவனமாகக் கேளுங்கள் என்று அருள்தாஸ் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் கேட்டபோது இரைச்சல் சன்னமாக இருந்ததாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பொற்கொடி வராண்டாவில் கடைசி நகத்தை வெட்டினார். கையில் இழுத்துப் பார்த்தார். ஒரு கோடு விழுந்தது. ராவினார். மறுபடி இழுத்தார். கோடு விழவில்லை. எனக்கு எடுத்து வைத்த பருப்புப் பொட்டலத்தை அவரும் மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் நிலையருகில் நின்றேன். பழனிச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். இறக்கிவிட்டதும் பூனை ஊசிக்கையில் தலையைச் சாய்த்து இரைய ஆரம்பித்தது. பொற்கொடி ஃபேனை நிறுத்தினார். மண்டியிட்டு, பூனையின் தலைக்குப் பக்கத்தில் அந்தக் கையில் காதை வைத்தார்.

அறையில் இரைச்சல் கேட்டது. எனக்கே கேட்டது. ஆனால் அது பூனையா, கையா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. "செத்த நேரம் சும்மா இரேன்" என்று அதனிடம் கெஞ்சினார். அது கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாக இரைந்தது. பொற்கொடி தன் கறுத்த விரல்களை அதன் தொண்டையில் மெதுவாக வைத்துப் பொத்தினார். பூனை நிறுத்தியது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. வெளியே ஆலங்குடி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போய், அந்தச் சத்தம் தேய்ந்து மறையும் வரைக்கும் அப்படியே கிடந்தார்.

பிறகு எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.