சரக்குத்தூளும் சுங்கப் படிவமும்

என் கணவரின் தங்கை, என் மச்சாள், கரீபியன் தீவொன்றில் இருக்கிறாள். அவளுடைய கணவர் அங்கே மருத்துவக் கல்லூரியில் படிப்பிக்கிறார். அவளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது, ஆஸ்திரேலியாவில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்களோடு இருக்கும் மாமி, அவளுடைய அம்மா, போவதென்று முடிவாயிற்று. கடதாசி வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் படித்தவள், அதோடு ஏழு மாதக் குழந்தையோடு வீட்டில் ‘சும்மா’ இருப்பவள்.

மாமியிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்களைப் போல விசா இல்லாமல் அவர் அந்தத் தீவில் இறங்க முடியாது. அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட விலாசம் என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். அனுப்பிய பிறகும் நாலாம் முறை பார்த்தேன். வழியில் விமானம் மாற அமெரிக்க விசா வேறு. இரண்டும் கிடைத்த அன்று மாமி சொன்னது இவ்வளவுதான்: "என்ர மகளின்ர அதிர்ஷ்டம்."

போவதற்கு முதல் வாரம் பிளாக்டவுன் கடைகளில் மல்லி, மிளகு, திப்பிலி, வேர்க்கொம்பு எல்லாம் வாங்கிவந்து குசினியில் வறுத்தார். புகை அலாரம் அலறியது. குழந்தையும் அலறினாள். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் என்று கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிற சரக்கு அது. எனக்கு அவர் காய்ச்சவில்லை. "வயித்தை வெட்டி எடுத்தவைக்கு என்னத்துக்குக் காயம்? நீ நோகாமல் பெத்தனீ" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று சொன்னார். என் அம்மா அப்போது வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாளுக்கும் ஒப்பரேஷன்தான். நாள்கூடக் குறித்தாயிற்று. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் தீவின் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பினேன். உணவு, விதை, வேர், தாவரப் பொருள் ஏதும் கொண்டுவருகிறீர்களா என்று ஒரு கேள்வி.

"மாமி, சரக்குத்தூளுக்கு ஓம் எண்டு போடவேணும். சொன்னால் பார்த்துப்போட்டு விடுவினம். ஒளிச்சால் பறிச்சுப்போடுவினம்."

"ஓம் எண்டு போட்டால் பெட்டியைத் திறப்பாங்கள். இல்லையெண்டு போடு. நீ என்ன பெரிய கஸ்டம்ஸ்காரியே?"

கணவர் போனிலிருந்து தலை நிமிராமலே, "அம்மா சொல்லுறதைப் போடுமன். ஏன் எல்லாத்துக்கும் வழக்காடுறீர்?" என்றார்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் அபராதம் என்று கீழே இருந்ததை வாசித்துக் காட்டியிருக்கலாம். ‘இல்லை’ என்பதைத் தட்டினேன். அனுப்பினேன். அந்த முறை மட்டும் திரும்பச் சரிபார்க்கவில்லை.

அங்கே பெட்டியைத் திறந்தார்கள். மூன்று மணித்தியாலம் ஓர் அறையில் இருத்தி வைத்தார்களாம். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமி "டோட்டர் பேபி, டோட்டர் பேபி" என்றே சொல்லியிருக்கிறார். ஐந்து போத்தல் தூளையும் கறுப்புப் பையில் கொட்டிவிட்டு அபராதமும் எழுதினார்கள். வெளியே நிறைமாத மச்சாள் தூணில் சாய்ந்தபடி நின்றிருக்கிறாள்.

வீடியோவில் மாமியின் முகம் வீங்கியிருந்தது. "நீதானே போட்டனீ? படிச்சனீதானே? உனக்குத் தெரியாதே?"

"நீங்கள் சொன்னதைத்தான் போட்டனான், மாமி." என் குரல் அவ்வளவு பணிவாக வந்தது எனக்கே வியப்பு.

மச்சாளுக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் மாமி மறுபடி எடுத்தார். திட்டவில்லை.

"பிள்ளை, மேல் அலுமாரியில ஒரு போத்தல் மிச்சம் வைச்சனான். அதைப் பார்சலில போட்டுவிடுறியே? இவள் சோர்ந்துபோய்க் கிடக்கிறாள். நீதான் ரூல்ஸ் எல்லாம் பார்க்கிறனீ."

என்னை அவர் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏலாது மாமி. பார்சலில தூள் விடமாட்டினம். ரூல்ஸ் அப்பிடி."

எந்த விதியையும் நான் பார்த்திருக்கவில்லை.

"அப்ப சரி" என்றார். "நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

குழந்தையைப் பகல் தூக்கத்தில் போட்டுவிட்டுத் தேடிப் பார்த்தேன். உள்ளே இருப்பதை எழுதி ஒட்டினால், அரைத்த உலர் தூளை அனுப்பலாம் என்றிருந்தது. இரண்டு முறை வாசித்தேன். பக்கத்தை மூடினேன்.

அலுமாரியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து, உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டு, ஓராளுக்குக் காயம் காய்ச்சினேன். தூள் கூடிவிட்டதோ என்னவோ, தொண்டை எரிந்தது. முழுவதையும் குடித்தேன்.