இரண்டடிக்கு இருபத்து நாலு அடி

கடலூர் செம்மண்டலத்தில் அமிர்தத்தின் வீட்டுக்கு வழி கேட்டால், "மூணு தினுசு ஜன்னல் இருக்குமே, அந்த வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த வீடேதான். முன்பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்த தேக்கு ஜன்னல் ஒன்று. அதற்குப் பக்கத்தில் மயில் கிரில் போட்ட இரும்பு ஜன்னல். கொல்லைப்புறத்தில் இருப்பது யாரோ ஒரு டாக்டர் கிளினிக்கில் இருந்து வந்த கண்ணாடி ஜன்னல். அதில் பாதி அழிந்துபோன சிவப்பு எழுத்தில் "மாலை 5 முதல்" என்று இன்னும் படிக்கலாம்.

அமிர்தத்துக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. கல்யாணமாகி கடலூர் வந்ததிலிருந்து கட்டட வேலையில் சித்தாள். செங்கல் சுமப்பது, கலவை போடுவது, சுவருக்குத் தண்ணீர் விடுவது. மேஸ்திரி டீ குடிக்கப் போகும் நேரத்தில் கரணையை எடுத்து இரண்டு வரிசை கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி மறுபடி சட்டியைத் தலையில் வைத்துக்கொள்வாள். திரும்பி வரும் மேஸ்திரி தான் விட்ட இடம் எது, அவள் கட்டிய இடம் எது என்று கண்டுபிடித்ததே இல்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் அவளைக் கொத்தனார் வேலைக்குக் கூப்பிடவில்லை. பொம்பளை என்றால் சித்தாள்தான் என்பது அங்கே யாரும் பேசாமலே முடிவான விஷயம்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை இடிக்கிற வேலைக்குப் போயிருந்தாள். அங்கே நல்ல தேக்கு ஜன்னலை டீக்கடை அடுப்புக்கென்று கோடாலியால் பிளக்கப் போனார்கள். அமிர்தம் நடுவில் போய் நின்று அதைக் கேட்டாள். எடுத்துக்கோ, முடிந்தால் இந்த இடிசலையும் சேர்த்து அள்ளிக்கோ, இதைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குத்தான் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மேஸ்திரி சிரித்தார். அவள் கணவன் வைத்திலிங்கம் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். போன் பண்ணியதும் வண்டியோடு வந்தார். ஜன்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டில் இதற்கு ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தமே சுவரை உடைத்து ஓட்டை போட்டு, நிலை வைத்து, பூசி முடித்தாள். அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் காத்து வந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. எங்கே வீடு இடித்தாலும் அமிர்தத்துக்குத் தகவல் வரும். கதவு, கீல், ஓடு, டைல்ஸ், வாஷ்பேசின், செங்கல் என்று வந்து சேர்ந்து, ஆறே மாதத்தில் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. வைத்திலிங்கம் கோபப்படுகிற ஆளில்லை. ஒருநாள் கதவுக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் இன்றைக்கு வண்டியிலேயே படுத்துக்கட்டுமா என்று மட்டும் விசாரித்தார்.

வழி சொன்னது எதிர்வீட்டு சலீமா பீவி. அவருடைய இரண்டு மகன்களும் குவைத்தில். வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு காலிமனை இருந்தது, கருவேலம் மண்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் பண்ணிச் சாமானை அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு நிபந்தனை. கண்டபடி குவிக்கக் கூடாது, பாம்பு சேரும். இன்னொன்று, எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதை எங்கே மாட்டினார்கள் என்று அவரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். விளையாட்டாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். அவர் நிஜமாகவே வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். கதவைத் திறந்து மூடுவார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார், திருப்தி என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்த மனையில் உட்கார்ந்து பழைய செங்கல்லைச் சுரண்டுவார்கள். சுண்ணாம்பில் கட்டிய வீட்டுக் கல் என்றால் லேசாகச் சுரண்டினால் உதிர்ந்துவிடும். சிமெண்டில் கட்டியது விடாது, கல்லோடு கையும் தேயும். பேச்சும் சிரிப்புமாக வேலை நடக்கும். ஒருத்தி வீட்டுக் குளியலறைக்கு எல்லோரும் சேர்ந்து டைல்ஸ் ஒட்டுவார்கள். அடுத்த வாரம் இன்னொருத்தி வீட்டுக் கோழிக்கூடு.

அப்படி ஒரு ஞாயிறு இசைவாணி வந்தாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், முப்பத்து நாலு வயது. சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போனது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போய்வருவாள். அவள் வீட்டுத் தரை தெருவிலிருந்து இரண்டடி உயரம். வண்டியை வெளியில் நிறுத்திவிட்டு, நாலு படியையும் கையை ஊன்றித்தான் ஏறுவாள். போன மழையில் தெருவில் தண்ணீர் ஏறி ஸ்கூட்டர் இன்ஜின் போய், ஒரு மாதம் கடையைத் திறக்கவில்லை.

அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"அக்கா, வண்டியோட வீட்டுக்குள்ள போற மாதிரி எனக்கு ஒரு ராம்ப் வேணும். கட்டித் தருவீங்களா? கல்லு சுரண்ட நானும் வரேன், கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அமிர்தம் உடனே சரி என்றாள். அன்றைக்கே இசைவாணி ஒரு பக்கமாக உட்கார்ந்து நாற்பது கல் சுரண்டினாள்.

மேலே பாவுவதற்குக் கல் தேவைப்பட்டது. சலீமா பீவியின் தம்பி அபுல் ஹசன் சிதம்பரத்தில் இருக்கிறார். அவர் வாங்கியிருந்த பழைய டிபன் ஹோட்டலை இடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "லாத்தா, மேஜைக்குப் போட்ட கடப்பாக் கல்லு முப்பது கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். வைத்திலிங்கம், அமிர்தம், சலீமா பீவி மூன்று பேரும் குட்டியானையின் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு சிதம்பரம் போனார்கள். சாப்பிடாமல் கல்லைத் தொட விடமாட்டேன் என்று அபுல் ஹசன் பிடிவாதம் பிடித்து, பிரியாணி போட்டுத்தான் அனுப்பினார்.

கடப்பாக் கல்லைப் படுக்க வைத்து ஏற்றினால் ஒரு குலுக்கலில் முறிந்துவிடும். நிமிர்த்தி நிற்கவைத்து, இடையிடையே வைக்கோல் திணித்து ஏற்றினாள் அமிர்தம். திரும்பும்போது வண்டி முப்பதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. பின்னால் பஸ்கள் வரிசைகட்டி ஹார்ன் அடித்தன. நீ மாசமாக இருந்தபோதுகூட உன்னை நான் இவ்வளவு பதனமாகக் கூட்டிப்போனதில்லை என்று வைத்திலிங்கம் சொல்ல, சலீமா பீவி கடலூர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்று ஞாயிற்றில் ராம்ப் எழுந்தது. இசைவாணி வீட்டு முன்பக்கம் ஆறடி அகலத்துக்குக் காலி இடம் உண்டு. அதில் வீட்டுச் சுவரை ஒட்டியபடி, பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து அவள் வாசல்வரை எட்டடி நீளத்துக்குக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் பழைய செங்கல் சுவர், நடுவில் இடிசலைப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே கடப்பாக் கல். யாரும் பார்க்காத நேரத்தில் இல்லாமல், தெருவே பார்க்க அமிர்தம் கரணை பிடித்துக் கட்டிய முதல் வேலை அது. பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. சலீமா பீவி சேமியா பாயசம் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

இசைவாணி வண்டியை ஏற்றினாள். பாதி ஏறியதும் வண்டி திணறியது. சக்கரம் வழுக்க ஆரம்பித்து, அப்படியே பின்னால் சரிந்தது. வைத்திலிங்கமும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அடி ஒன்றும் இல்லை. முதலில் சிரித்ததும் இசைவாணிதான். ஏறுவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அமிர்தத்தைத் தவிர.

அன்றைக்கு அவள் பாயசத்தைத் தொடவில்லை. பரவாயில்லை, பழகாத வேலைதானே என்று வைத்திலிங்கம் ஆறுதல் சொல்லப்போக, அந்த வார்த்தைதான் அவளை ஜாஸ்தி சுட்டது. பழகாத வேலை இல்லை மாமா, யோசிக்காத வேலை என்றாள்.

மறுநாள் காலையில் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எப்போதோ அவள் சித்தாளாக வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளிப்போகிற ராம்ப் இருந்தது. குனிந்து அளக்க ஆரம்பித்தாள். வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டார். அளவு எடுக்கிறேன் என்றாள், உண்மையைத்தான் சொன்னாள். இன்ஜினியர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்து அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். உயரம் மூன்றடி. நீளம் முப்பத்தாறு அடி. பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டாள். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நடக்க வேண்டும். அப்படியென்றால் இசைவாணியின் இரண்டடிக்கு இருபத்து நாலு அடி. இருந்தது எட்டு.

மீதி பதினாறு அடிக்கு ஒரே வழி பக்கத்து வீட்டு வாசல்தான். அங்கே தேவசகாயம் இருந்தார். டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். வாசலில் பதினேழு ரோஜாத் தொட்டி, ஒரு பழைய ஸ்கூட்டர். அமிர்தமும் இசைவாணியும் போய்க் கேட்டதற்கு, வருத்தப்படாதீர்கள், என் இடத்தை விட்டுத்தர முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். தொட்டியை எங்கே வைப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது? அமிர்தம் வாதாடவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் தனியாக வந்து தான் கட்டிய ராம்ப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். கல் உடையாமல், உளியை அடியில் கொடுத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சுவரோரம் நிறுத்தினாள். ஒரு மணி நேரமாகச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தேவசகாயம் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா, நல்லாத்தானே கட்டியிருந்த? அப்படியே கிடந்துட்டுப் போகுது. எதுக்கு இடிக்கிற?"

"தப்பா கட்டினது நான்தானே சார். வேற யாரு இடிப்பாங்க?"

அவர் சுவரோரம் நின்ற கல்லைக் குனிந்து பார்த்தார். எத்தனை அடி தேவை, எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் அளந்ததை அவள் சொன்னாள். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்து அமிர்தத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பெரிய வெள்ளைத்தாள் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் அளவு போட்டிருந்தார். அவருடைய வீடு பழசு. தரை தெருவிலிருந்து ஒரே அடி உயரம். ராம்ப்பை அவர் வீட்டுக் கோடியில் ஆரம்பித்தால், பன்னிரண்டு அடி வந்ததும் ஒரு அடி ஏறியிருக்கும். சரியாக அவர் வாசல் மட்டம். அங்கே சமதளமாக ஒரு இடம். அதிலிருந்து இன்னும் பன்னிரண்டு அடி போனால் இசைவாணி வாசல்.

"எனக்கும் முட்டி வலிம்மா. ஸ்கூட்டர இழுத்து ஸ்டாண்டு போட முடியல. நானும் உள்ளயே ஓட்டிட்டுப் போயிடறேன்" என்றார். தொட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் தாளில் பதினேழு வட்டமாகப் போட்டிருந்தார்.

ஆறு ஞாயிறு ஆனது. இந்தத் தடவை அமிர்தம் கடப்பாக் கல்லைத் திருப்பிப் போட்டாள். பளபளப்பு அடியில், சொரசொரப்பு மேலே. பார்க்க அழகில்லை, மழையிலும் வழுக்காது. கைப்பிடிக்கு சலீமா பீவி மனையில் கிடந்த ஜன்னல் கிரில்களைப் பற்றவைத்தார்கள். ஒன்றில் தாமரை, ஒன்றில் அன்னம், ஒன்றில் வெறும் கட்டம். இசைவாணியின் குறுகல் வாசலை இடித்துப் பெரிதாக்கி, அதே சிதம்பரம் ஹோட்டலின் இரட்டைக் கதவை மாட்டினார்கள். கதவின் உள்பக்கம் "கை கழுவுமிடம்" என்று எழுதியிருந்தது. அதை அழிக்க வேண்டாம் என்றாள் இசைவாணி.

முடிந்த அன்று பாயசம் வேண்டாம், ஏறி முடித்தபிறகு பார்க்கலாம் என்று அமிர்தம் சொல்லிவிட்டாள். இசைவாணி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நிதானமாக ஏறினாள். தேவசகாயம் வாசலில் ஒரு கணம் நின்று அவருக்கு வணக்கம் சொன்னாள். மறுபடி ஏறினாள். மேலே திரும்பி, இரட்டைக் கதவுக்குள் வண்டியோடு நுழைந்து, ஹாலில் டிவிக்கு முன்னால் போய் இன்ஜினை நிறுத்தினாள். அமிர்தம் எட்டிப் பார்த்தாள். இசைவாணி வண்டியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் உட்கார்ந்தால் மின்விசிறி சுவிட்ச் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது அக்கா என்றாள்.

அதற்குப் பிறகு தேவசகாயம் ஸ்கூட்டரை உள்ளே ஓட்டினார். எதையோ மறந்த மாதிரி வெளியே கொண்டுவந்தார். திரும்ப உள்ளே ஓட்டினார். மூன்றாவது தடவை சலீமா பீவி, போதும் சார், பெட்ரோல் தீந்துடும் என்றார்.

செய்தி பரவி, மஞ்சக்குப்பத்து மேஸ்திரியே ஒருநாள் பார்க்க வந்தார். ரசமட்டத்தை வைத்துச் சமதளத்தைப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. இடத்தை மாற்றி மாற்றி வைத்தார், அங்கேயும் நின்றது. வரும் திங்கட்கிழமை குறிஞ்சிப்பாடியில் ஒரு காம்பவுண்டுச் சுவர் ஆரம்பிக்கிறது, நீயே எடுத்துக் கட்டு, உனக்கு சித்தாள் இரண்டு பேரைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். அமிர்தம் அந்தச் சுவரைக் கட்டினாள். அதற்கப்புறம் இன்னும் நான்கு சுவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டாள், அது சலீமா பீவி மனைக்கு.

ராம்ப்புக்கு இப்போது ஒரே ஒரு தொந்தரவு. தெருவில் திரிகிற ஆடுகளுக்கு அந்தச் சமதளம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காலை வெயில் ஏறியதும் நாலைந்து வந்து தாமரைக் கிரில் ஓரமாகப் படுத்துக்கொள்கின்றன. ரோஜாவைக் கடித்துவிடும் என்று தேவசகாயம் காவல் இருக்கிறார். கடைக்குக் கிளம்பும் இசைவாணி மேலிருந்து இரண்டு ஹார்ன் அடிக்கிறாள். ஆடுகள் எழுந்து வழிவிட்டுவிட்டு, வண்டி இறங்கிப் போனதும் அதே இடத்தில் படுக்கின்றன.