வலையை அறுக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரில், ஏ.சி. வேலை செய்யாத ஒரு ஹாலில். கடலைக் காப்பாற்றுவது பற்றிய கூட்டம்.

தஞ்சாவூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வெளியூர் நண்பர்கள் எல்லோரும் கேட்பதுதான். பெரிய கோயில், நெல் வயல், தலையாட்டி பொம்மை — இதோடு எங்கள் ஜில்லா முடிந்துவிடுகிறது என்று நினைப்பு. பட்டுக்கோட்டையைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டிப் போனால் கடல் வரும். பெரிய அலை கிடையாது, பெரிய ஆழமும் கிடையாது. அடியில் புல் வளர்ந்து கிடக்கும். அந்தப் புல்லை மேயத்தான் ஆவுளியா வருகிறது.

ஆவுளியா என்றால் கடல்பசு. மீனவர்கள் அழைக்கும் பெயர் அது. மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. மேய்ச்சலுக்கு நடுநடுவே மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

அருகிவரும் இனம் என்பதால் இந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். 2030-க்குள் உலகக் கடலில் முப்பது சதவீதத்தைக் காப்பதாக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. நம் நாடும் அதில் உண்டு. நல்ல காரியம். எனக்கு அதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

விழா நாயகர் காதர் பாய். கடற்கரைக் கிராமத்து மீனவர், ஐம்பதைத் தாண்டியவர். வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்தவர். அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். கத்தி வலையை அறுக்கிறது, பழுப்பு நிறத்தில் பெரிய உடம்பு ஒன்று மெதுவாக நீருக்குள் இறங்குகிறது... அவ்வளவுதான். ஏதோ ஒரு வெளிநாட்டு மாநாட்டில்கூடத் திரையிட்டார்களாம்.

ஹாலிலும் திரையிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். பக்கத்து நாற்காலியைப் பார்த்தால் காதர் பாயைக் காணோம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். புழுக்கம் தாங்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த வீடியோவைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார். பிறகு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்கு வலையை இழுத்தபோது ஆவுளியா உயிரோடுதான் இருந்திருக்கிறது. உடனே அறுத்திருக்கலாம். ஆனால் முதலில் வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவர் மனதில் பதிந்து போயிருந்தது. விழிப்புணர்வுக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்களாம். அதைவிடப் பெரிய காரணம் பயம். நாளைக்கு ஏதாவது செத்துக் கரை ஒதுங்கினால், நீதானே வலை போட்டாய் என்று தன்னைக் கேட்டால் என்ன செய்வது? கையில் ஒரு சாட்சி வேண்டாமா?

“போன் ஈரக்கையில தெறக்கலங்க சார். மச்சான் தொடச்சுத் தொடச்சுப் பாக்குறாரு. நான் கத்தியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். அது முண்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் முண்டல.”

போன் திறந்த பிறகுதான் வலையை அறுத்திருக்கிறார். படகை நிறுத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்தார்களாம். உயிர் இருந்தால் மூச்சு வாங்க எங்காவது மேலே வந்துதானே ஆக வேண்டும்? வரவில்லை. தூரத்தில் வந்திருக்கலாம், கலங்கிய தண்ணீரில் தெரியாமல் போயிருக்கலாம் என்று மச்சான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாய்க்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

சற்று முன்தான் அந்த இறங்குகிற உடம்பைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்திருந்தேன்.

விழாவை நடத்திய இளம் பெண் அதிகாரி எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். பாய் சொன்ன அந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியவரும் அவர்தானாம். வீடியோ கட்டாயம் என்றா சொன்னீர்கள் என்று கேட்டேன். பாயின் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

“முடிஞ்சா எடுங்கன்னுதான் சார் சொன்னேன்...”

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸிலிருந்து வரும் ‘முடிந்தால்’ எங்கள் பக்கத்தில் எந்தக் காலத்தில் ‘முடிந்தால்’ ஆக இருந்திருக்கிறது? என் சித்தப்பா மகன் ஒரத்தநாடு பக்கம் விவசாயம் பார்க்கிறான். மழையில் பயிர் மூழ்கினால் முதல் வேலையாக வடிகாலை வெட்டிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அழுகிய நாற்றைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். தண்ணீர் வடிந்துவிட்டால் யார் நம்புவார்கள்? கஜா புயலில் சாய்ந்த தென்னைகளைப் படம் எடுக்கும்வரை அப்புறப்படுத்தாமல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நம்பாமல், நம்பாமல்... போட்டோ இல்லாத துக்கம் துக்கமே இல்லை என்று எங்கள் ஜனங்களைப் பழக்கிவிட்டோம்.

உலக நாடுகள் கடலுக்குக் கொடுத்த வாக்கு எத்தனையோ மேஜைகளைத் தாண்டிக் காதர் பாயின் படகுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு போனாக வந்து சேர்ந்தது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போலவும் இருந்தது.

உள்ளே மைக்கில் பாயின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். பொன்னாடைக்குத் தலை குனிந்தார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஊர்க்காரர்கள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தே பேசினார்.

“மாட்டுச்சுன்னா போனைத் தேடாதீங்க. மொதல்ல அறுத்து விட்டுடுங்க. நான் தேடுனேன்.”

யாரும் கைதட்டவில்லை. அந்த அதிகாரி எழுந்து வந்து மைக்கை வாங்கினார். பாய் சொன்னதுதான் இனி நாங்களும் சொல்லப்போவது, வீடியோ இல்லையென்று யாரும் உங்களைக் கேட்க மாட்டோம் என்றார். ஊர்க்காரர்கள் நம்பினார்களா, தெரியாது. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனிமேல் எங்கள் கடலில் ஓர் ஆவுளியா பிழைத்துப் போனால், உங்கள் போனுக்கு வீடியோ வராது. வரவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்!