சாக்கு விரித்த வாசல்

விழுப்புரத்தில் மெக்கானிக் என் வண்டியின் ஆயில் பில்டர் மூடியைக் கழற்றினார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உள்ளிருந்த ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார்.

"இந்த ரிங்கு வெடிச்சிப்போச்சிங்க. அதான் ஒழுவுது. மாத்திட்டா சரியாயிடும்."

சூடான ஆயில் வாசம் மூக்கில் ஏறியது. அப்பாவின் சட்டை வாசம்.

அப்பாவின் வண்டியும் இதே இடத்தில்தான் ஒழுகியது. வாசலில் அது நிற்கும் இடத்தில் அம்மா நிலக்கடலை அள்ளிய பழைய மல்லாட்டைச் சாக்கு ஒன்றை விரித்து வைப்பாள். சனிக்கிழமையானால், "திண்டிவனத்து மெக்கானிக்குக்குதான் இந்த பில்டரு புடிபடும். தங்கிப் பாத்துக்கினு வர்றேன்" என்று அப்பா கிளம்புவார். திரும்பி வந்த வண்டி மறுபடியும் சொட்டும். அந்த முகம் தெரியாத மெக்கானிக்கை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடத் திண்டிவனம் போனபோது, ஒரு தெருவில் அந்த வண்டி நின்றது. மெக்கானிக் கடை இல்லை, வீட்டு வாசல். வண்டிக்கடியில் சாக்கு. அதுவும் புதுச் சாக்கு இல்லை, ஆயில் ஊறி ஊறிக் கறுத்துப்போனது.

உள்ளே ஒரு பெண் குரல், "ஏங்க, தோசை ஆறுது" என்றது. "தோ வர்றேன்" என்றது அப்பாவின் குரல்.

வீட்டுக்கு வந்து அழுதேன். "அந்த வூட்லயும் சாக்கு போட்டிருக்காங்கம்மா."

அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. "போடலன்னா தரை கெட்டுப்பூடும்ல" என்றாள்.

"ஆச்சுங்க" என்றார் மெக்கானிக். வண்டிக்கடியில் தரை காய்ந்திருந்தது. என் கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை.