பின்னால் நின்றவன்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது ஓர் ஆணின் பிடரி. வெள்ளைக் காலருக்கு மேலே, அன்று காலைதான் முடி வெட்டிக்கொண்டது போல இருந்தது. முகத்துக்குப் போகுமுன் காமிரா அங்கேயே சற்று நின்றது.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் சிலர் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினார்கள். மாதம் ஒருமுறை, ஒரு பள்ளிக்கூட அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, பழைய வெளிநாட்டுப் படம் போடுவார்கள். நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். என் செய்திகளுக்குப் படம் எடுத்துத் தருவான். நான்கு வருடமாக அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் ஊர் ஊராகப் போனேன். அவன் எடுத்த படம் ஒரே ஒருமுறைதான் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. கீழ்பென்னாத்தூரில் நடந்த உழவர் விழாப் படம். 'சிறப்பு விருந்தினர் முகம் மங்கல்' என்று பின்பக்கம் சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தார்கள். லென்ஸ் சரியில்லை என்றான். நானும் விருந்தினர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன்.

அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். அதன் பிறகு சேலத்தில், மாமனார் ஊரில் ஸ்டுடியோ. அவன் போவதற்குள் நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது: அவன் மேல் எனக்கிருந்தது அவனுக்கும் என் மேல் இருந்ததா என்பது. நான்கு வருடமாக அதை நான் கேட்கவில்லை.

படம் மர்மப் படம். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஆண்கள். வீட்டுக்காரர் காணாமல் போகிறார். போலீஸ் அதிகாரி விசாரிக்க வருகிறார். ஒருவன் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறான். மற்றவன் பின்னால் நின்று கோப்பை துடைக்கிறான். பேசுகிறவன் முகம் மெல்ல மங்குகிறது, துடைக்கிறவன் முகம் தெளிகிறது. காமிரா நகரவில்லை. இது மூன்றாம் முறை நடந்தபோது எண்ணத் தொடங்கினேன்.

ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள்.

"பேசறவனை உட்டுட்டு அவனை எதுக்குக் காட்டறான்? அவன்தான் கொலைகாரனா?" என்றேன்.

"உனக்கு எப்பவும் கேசுதான் நிருபரே" என்றான் அவன். "முன்னால உக்காந்திருக்கான் பாரு, அவனால திரும்பிப் பாக்க முடியாது. எதிர்ல போலீசு. அதான் அவனுக்குப் பதிலா லென்ஸ் பாக்குது."

"எதுக்குப் பாக்கணும்?"

அதற்குள் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்த வங்கிக் குமாஸ்தாவான சங்கச் செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "சார், கொலை பண்ணது யார்னு மட்டும் பேப்பர்ல போட்டுடாதீங்க. அடுத்த மாசம் செங்கத்துல போடறோம்."

மீதிப் படத்தில் அந்த இருவரும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. ஒரே ஒரு தடவை, ஒருவன் மற்றவன் கோட்டின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தான். திரை முழுவதும் இரண்டு விரல்களும் ஒரு நூலும். தணிக்கைக்காரர்கள் வெட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. அறையில் யாரோ செருமினார்கள். நான் பக்கத்தில் திரும்பவில்லை. என் முழங்கைக்கும் அவன் முழங்கைக்கும் நடுவே நாற்காலியின் மரக்கை இருந்தது.

படம் முடிந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். எஞ்சினை நிறுத்தவில்லை.

"கல்யாணத்துக்கு வருவ இல்ல?"

"படம் யார் எடுக்கறாங்க?"

"ஆரணிலேருந்து ஒரு ஆளு வரான். மாப்ள கையில காமிராவா குடுப்பாங்க?"

நான் சிரித்தேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை முறுக்கினான். நான் கேட்கவில்லை. பிறகு போனான்.

மறுநாள் படத்தைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பினேன். காமிரா உத்தி நன்று என்று எழுதினேன். கொலைகாரன் யார் என்று சொல்லவில்லை. நூலைப் பற்றியும் எழுதவில்லை.

அவன் சேலம் போய் ஒரு மாதம் கழித்து, இழுப்பறையில் எதையோ தேடும்போது கீழ்பென்னாத்தூர் படம் கையில் வந்தது. மேடையில் மாலையோடு நிற்கும் சிறப்பு விருந்தினர் மங்கல். பக்கத்தில் இருப்பவர்களும் மங்கல். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்று நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லாதது வரை தெரிகிறது.