நீள வீடும் நிமிர்ந்த திரையும்

வீட்டைத் துண்டு துண்டாகத்தான் வரைய முடியும் என்று ரொம்ப காலம் நம்பியிருந்தேன். கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரைவது என் பிழைப்பு. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிதில், கரமனையில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். அங்கே பிளான் வரைந்துகொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, அவர் போட்ட கோடுகளை அழித்து, அதையே திரும்பப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தண்ணியில இறங்காம நீச்சல் வருமா என்பார்கள் எங்கள் ஊரில். இறங்கினேன், வந்தது.

என் மேஜையில் ஒரு சதுர மானிட்டர். டைல்ஸ் சாம்பிள் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதன் மேல் வைத்திருந்தோம். வீடு முழுதாகத் தெரியும்படி வைத்தால் சுவரெல்லாம் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடும், எழுத்தைப் படிக்க முடியாது. எழுத்தைப் படிக்கும்படி வைத்தால் அடுக்களை மட்டும் நிற்கும், மற்ற அறைகள் திரைக்கு வெளியே ஓடிவிடும். அதனால் மவுஸ் சக்கரத்தை உருட்டுவதே பாதி வேலை. உள்ளே போ, வெளியே வா, நகரு, மறுபடி உள்ளே போ. வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுக்களைச் சுவரின் அளவு மறந்துபோகும். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சாயங்காலம் கழுத்தும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வலிக்கும். வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் சார் மலையாளி. என்னோடு பேசிப் பேசிப் பாதித் தமிழர் ஆகிவிட்டார். நான் முனகினால் ஒரு பழமொழியை எடுத்து விடுவார்: "மெல்லெத் தின்னால் பனயும் தின்னாம்டோ." மெதுவாகத் தின்றால் பனைமரத்தையே தின்று தீர்க்கலாமாம். நானும் எத்தனையோ பனைகளைத் தின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். தெருப் பக்கம் வடக்கு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வீடு கையை நீட்டினால் முட்டுகிற அகலம். நீளமோ தெருவிலிருந்து பின்கட்டுக் கிணறுவரை போய்க்கொண்டே இருக்கும். குளிக்கிற அறை, இங்கே சொல்கிற குளிமுறி, கிணற்றடியில் இருந்தது. வயதான மாமாவுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை, அதனால் உள்ளேயே ஒரு பாத்ரூம் வேண்டும். மகன் வந்தால் தங்க மாடியில் ஒரு அறை, அதற்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டு. இவ்வளவுதான் வேலை.

மாமி என் மேஜை ஓரம் உட்கார்ந்து சொன்னார்: "நேக்கு இந்தக் கோடெல்லாம் புரியாது, கேட்டியோ. நேக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணாக்கும். நான் அடுப்பண்டை நின்னுண்டு திரும்பினா வாசக்கதவு தெரியணும்."

"ஏன் மாமி?"

"இவர் ரிட்டயராகி எத்தனையோ வருஷமாச்சு. இப்ப திடீர்னு ஆபீஸ் போணும்கறார். சாதம் வடிச்சுட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். ஒரு நாள் கிழக்கேகோட்டையில எந்த பஸ்ஸுலயோ ஏறி உக்காந்துண்டிருந்தார். கண்டக்டர் நல்ல மனுஷன், கொண்டுவந்து விட்டான்."

"கதவைப் பூட்டிரலாம்லா?"

 மாமி கையிலிருந்த பையின் வாரைச் சுருட்டிப் பிரித்தார். "பூட்டிப் பார்த்தேன். கதவண்டை நின்னு அழறார். லேட்டாறது, லேட்டாறதுன்னு. அதைப் பார்க்க நேக்குத் திராணி இல்லேடி."

அடுப்படியிலிருந்து வாசல் தெரிய வேண்டும். நான் மனதில் போட்டுக்கொண்டேன். சாரும் தலையாட்டினார்.

எங்கள் ஆபீசில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, பிளானில் வடக்கு எப்போதும் மேலேதான். வாஸ்து பார்த்து வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். படத்தைச் சாய்த்து வரைந்தால் வீடே சாய்ந்த மாதிரி சாருக்கு. இன்னொன்று, நீள வீடு என்றால் முன்பாதி ஒரு ஷீட், பின்பாதி ஒரு ஷீட். இரண்டையும் ஒட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒட்டவே மாட்டோம். ஒரு ஷீட் வீட்டு முன்னால் மேஸ்திரி கையில் இருக்கும், மற்றது பின்னால் வேலை செய்கிறவர் கையில் இருக்கும். அதுதான் அவர்களுக்குச் சௌகரியம். அப்படித்தான் மாமி வீட்டையும் வரைந்தோம். முன்பாதியில் பாத்ரூமை எங்கே வைப்பது என்று குழாய் வழி பார்த்துச் சார் முடிவு செய்தார். பின்பாதியில் படிக்கட்டை நான் வைத்தேன். ஷீட்டை மாமியிடம் காட்டினோம். "நீங்க பார்த்தாச்சோல்லியோ, போறும்" என்றார். நல்ல நாள் பார்த்துக் கடக்கால் தோண்டுவதாக ஏற்பாடு.

இதற்கு நடுவில் கழக்கூட்டத்தில் ஏதோ ஒரு கம்பெனி ஒரு மாடியையே காலி செய்தது. ஆட்களெல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களாம். மேஜை, நாற்காலி, மானிட்டர் எல்லாம் விலைக்கு. சார் போய் இருபத்தேழு இன்ச் மானிட்டர் ஒன்றைப் பெட்ஷீட்டில் சுற்றி, பின்சீட்டில் படுக்கவைத்து, பெல்ட்டும் போட்டு பைபாஸ் நெரிசலில் ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தார்.

அதை மேஜையில் வைத்ததும் நான் வாயைப் பிளந்தேன். திரையா அது, கல்யாண மண்டப வாசல்! ஆனால் ஆச்சரியம் அன்று மத்தியானம் வரைக்கும்தான். அம்புக்குறி எங்கே போச்சு என்று தேடுவதிலேயே நேரம் போயிற்று. தேர் வருகிறதா என்று தெருவில் நின்று பார்க்கிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. பெட்டிகள் மேல் ஏற்றி வைத்ததால் அண்ணாந்து பார்த்துப் பிடரி கடுத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம், மாமி வீட்டைத் திறந்தால் நடுவில் ஒரு பட்டை வீடு, இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. நீளம் எப்போதும் போலத் திரைக்கு வெளியேதான் கிடந்தது.

"சார், பழசே தேவலைன்னு தோணுது."

சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்." அந்தப் பழமொழியை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என் கத்தியை எனக்கே தீட்டிக் காட்டுகிறார்.

மாமி கடைசியாக ஒரு தடவை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த அன்று காலையில், பக்கத்து இரும்பு அலமாரியிலிருந்து ஏதோ எடுக்கப் போனேன். மானிட்டரின் விளிம்பு கதவைத் திறக்க விடவில்லை. கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று அதன் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். கடக்கென்று ஒரு சத்தம். திரை என் கையோடு சுழன்றுவிட்டது!

"சார்! ஒடைஞ்சு போச்சு!"

"எந்தா? பொட்டிச்சோ?" என்று ஓடி வந்தார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். உடையவில்லை. தாங்கி அப்படியே இருக்க, திரை மட்டும் சுழன்று நெட்டுக்குத்தாக நின்றது. சார் மெதுவாக மறுபக்கம் திருப்பினார், திரும்பியது. மறுபடி நிமிர்த்தினார், நின்றது. "எடோ, இது திரியும்! இங்ஙனெ திரியான் உண்டாக்கினதாணு!" என்று சிரித்தார். திரும்புவதற்கென்றே செய்தது; காருக்குள் படுத்து வந்த சாமானுக்கு எழுந்து நிற்கவும் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

படம் மட்டும் சாய்ந்து கிடந்தது. சார் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு செட்டிங்ஸில் தேடினார். ஒரு கணம் திரை இருட்டியது. பிறகு வந்தது.

அந்தக் கணத்தை எப்படிச் சொல்ல? பொன்முடிக்கு பஸ்ஸில் ஏறும்போது ஒவ்வொரு வளைவாகத்தான் தெரியும், அடுத்த வளைவு வந்ததும் முந்தினது மறைந்துவிடும். மேலே போய் நின்று திரும்பினால், ஏறி வந்த பாதை முழுவதும் மலையின் மேல் ஒரே கோடாகக் கிடக்கும். இதிலா வந்தோம் என்று இருக்கும். அப்படி இருந்தது. தெருக்கதவிலிருந்து கிணறுவரை மாமியின் வீடு ஒரே பார்வையில் நிமிர்ந்து நின்றது. வெட்டுக்கோடு இல்லை, பாதியும் பாதியும் இல்லை. எழுத்துகளும் படிக்கிற அளவில் இருந்தன. அந்த வீட்டுக்குள் எத்தனை நாள் நடமாடியிருக்கிறேன், இன்றுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். சக்கரத்தை உருட்ட விரல் போயிற்று. உருட்ட ஒன்றுமில்லை.

நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோதே மாமி வந்துவிட்டார். தனியாக விட்டுவர முடியாதென்று மாமாவையும் கூட்டி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. வணக்கம் சொன்னதற்கு அழகாகத் தலை குனிந்தார்.

"மாமா, பாருங்க, இது உங்க வீடாக்கும்," என்றேன் மாமி பாணியில். "இது தெருக்கதவு. இது நடுக்கூடம்."

மாமா திரைக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு அறையின் பெயரையும் வாய்க்குள் படித்தார். நடுக்கூடத்தில் விரலை வைத்தார். "இங்க என் நாற்காலி." விரல் மேலே நகர்ந்தது. பாத்ரூமை ஒட்டி வலப்பக்க நடைவழியில் ஏறி, தெருக்கதவைத் தாண்டித் திரையின் சட்டத்துக்கே போய்விட்டது. "இப்படிப் போனா ஆபீஸ். பத்து மணிக்குள்ள போய்டலாம்."

"ஆமாமா, போய்டலாம்," என்றார் மாமி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அடுப்பு எங்கேடி?"

கீழே வலது மூலையில் காட்டினேன். மாமி அங்கே தன் விரலை வைத்து, மாமாவின் விரல் போன வாசலை நோக்கி நேரே மேலே கொண்டுபோனார். நடுக்கூடம்வரைகூடப் போகவில்லை. படிக்கட்டுச் சுவரில் விரல் முட்டியது.

 பின்பாதியில் படிக்கட்டு வலப்பக்கம், நடை இடப்பக்கம். முன்பாதியில் பாத்ரூம் இடப்பக்கம், நடை வலப்பக்கம். ஒவ்வொரு ஷீட்டையும் தனியாகப் பார்த்தால் வழி நேராகத்தான் இருக்கும். சேர்த்து வைத்தால்தான் அது வளைந்து ஒளிந்துகொள்கிறது. கடக்கால் தோண்டியிருந்தால், மாமி அடுப்படியில் நின்று திரும்பும்போதெல்லாம் ஒரு சுவரைத்தான் பார்த்திருப்பார். மாமா அதன் மறுபக்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

சார் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். "பாத்ரூம் மாற்றான் பற்றில்ல, மாத்த முடியாது. குழாய் அந்தப் பக்கம்."

"அப்போ படியை இடது பக்கம் கொண்டுபோகணும் சார்." நகர்த்திப் பார்த்தேன். "ஸ்டோர் ரூம் போகும் மாமி."

"போட்டும். அரிசி எழுந்து நடந்து போகாது."

சார் வாய்விட்டுச் சிரித்தார். மாமாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

படி இடப்பக்கம் போனதும் அங்கே நடை இல்லாமல் போயிற்று, வலப்பக்கம் திறந்தது. பீமை மாற்ற வேண்டும், மாடி அறையின் கதவைத் திருப்ப வேண்டும், ஒன்றைத் தொட்டால் ஒன்பது ஆடும். பழைய திரையில் என்றால் அது ஒரு நாள் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடிப்போய் மறுகோடியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இப்போது கண்ணை மட்டும் உயர்த்தினேன், தாழ்த்தினேன். கீழே ஒரு சுவரை அசைத்தால் மேலே என்ன ஆகிறது என்று அங்கேயே தெரிந்தது. வாங்கி வந்த சாயா ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். என் கைக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பது எனக்கே புதுச் செய்தி. கை முன்பும் அதே கைதான். ஞாபகம் வைத்துக்கொள்வதற்கே பாதி மூளை செலவாகிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு பெட்டிகளை எடுத்துவிட்டுத் திரையைத் தாழ இறக்கினோம், மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே வரும்படி. பழைய சதுரத்தைப் பக்கத்திலேயே வைத்து அதில் குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்துவைத்தேன். நெட்டையும் குட்டையுமாக இரண்டும் நின்றன. பிடரி வலி போய்விட்டது.

வேலையெல்லாம் முடிந்து பால் காய்ச்சுகிற அன்று மாமி என்னையும் சாரையும் கூப்பிட்டிருந்தார். கூட்டமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு நான் அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமி பால்பாயசத்தைக் கிளறிக்கொண்டே சும்மா ஒரு தடவை திரும்பினார். நானும் திரும்பினேன். கூடத்தைத் தாண்டி, புதுச் சுண்ணாம்பு மணக்கும் நடையைத் தாண்டி, வெகுதூரத்தில் தெருக்கதவு சதுரமாக வெளிச்சம் போட்டு நின்றது. அந்த வெளிச்சத்தில் மாமா, குடையோடு, ஒரு கால் வாசல்படியில்.

"ஏன்னா! இன்னிக்கு லீவாக்கும்!"

மாமா திரும்பினார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மாமி மாமாவைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் நாங்கள் நினைத்தோம். மாமா திரும்பினால் அவருக்கு யார் தெரிவார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்து அவருக்கு வீடு முழுதும் தெரிந்தது. அதன் கோடியில், அடுப்பு வெளிச்சத்தில், கரண்டியோடு மாமி.

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்தார்.

"முன்னாடியே சொல்லப்படாதோ?" என்று சொல்லிக்கொண்டே மாமியை நோக்கி நடந்து வந்தார்.