குளிக்கும் தொட்டியில் பீஸ் லில்லி

மகளைக் குளிப்பாட்ட வாங்கிய நீலத் தொட்டியின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருப்பதுபோல் தெரிகிறது. பலமுறை தேய்த்துக் கழுவிவிட்டேன். போதுமா என்றுதான் தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் ஞாபகம் வருகிறது.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில், நான் பிறந்த வீட்டிலேயேதான் இப்போதும் இருக்கிறோம். வாசலில் ஒரு மாமரம். அதன் நிழலில் பெரியப்பா நட்ட பீஸ் லில்லியும் பெரணியும் வளர்கின்றன. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும் அந்த இடம்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் செடிகளைப் பெயர்த்துப் பின்வாசலில் வைத்து, பூசம் முடிந்ததும் திரும்ப நட வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவை புதுக்குருத்து விட்டிருக்கும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய பெரியப்பா, கப்பலிலிருந்து பெட்டியை இறக்குவதுபோல, வேரைச் சுற்றிய மண் உதிராமல் செடியைத் தூக்கி, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியின் குளிக்கும் தொட்டியில் இறக்குவார்.

“புள்ளைய நான் எதுல குளிப்பாட்டுறது, மாமா?” என்று அம்மா கத்துவார்.

“வாளி இருக்குல்ல? செடிக்கு வாளி பத்தாதுலா!”

செடி செத்துவிடுமா என்று நான் அழுவேன். “முன்வாசல்லேர்ந்து பின்வாசலுக்குப் போவுது. இதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்குறாங்க?” என்பார். கவலையே இல்லாத மனிதர் என்று அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

முழங்கால் வலியால் பெரியப்பா இப்போது பெரியம்மாவுடன் புக்கிட் மெர்தாஜாமில் தம் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த வருடம் செடிகளின் பொறுப்பு எனக்கு வந்தது. வளரும் பருவத்தில் செடியைப் பெயர்க்கக் கூடாது என்று இணையத்தில் படித்தேன். இந்த ஊரில் வளராத பருவம் எது? லில்லியில் ஒரு மொட்டு வேறு. பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாமா என்று கணவரிடம் கேட்டேன். “மரத்தையும் தள்ளி வெக்கச் சொல்லவா?” என்றார். செடி பட்டுப்போனால் பெரியப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? நன்றாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு, வெயில் தாழ்ந்ததும் சுற்றிலும் தோண்டித் தூக்கினேன். வீட்டில் அதற்குப் போதுமான அளவில் இருந்தது மகளின் தொட்டி மட்டுமே.

மறுநாள் காலை இலைகளெல்லாம் துவண்டு கிடந்தன. அவற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவே போனில் கூப்பிட்டார்.

“தலைய தொங்கப் போட்டுருச்சா?”

“ஆமா பெரியப்பா.”

“மொட்ட கிள்ளிப் போட்ரு. நெழல்லதானே வெச்சிருக்க?”

மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டார். சாயங்காலமும் கூப்பிட்டபோது, பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது: “பூசம் வந்தா இந்த மனுசன் சோறு தின்ன மாட்டாரு. அங்க இருந்தப்ப பின்வாசல்ல செடிகிட்டயே உக்காந்திருப்பாரு. இப்ப போன்கிட்ட உக்காந்திருக்காரு!”

“சும்மா இருலா நீ!” என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவர் என்னைப்போலவே பயந்துகொண்டுதான் ஒவ்வொரு செடியையும் தூக்கியிருக்கிறார். போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து மனம் வராமல் விட்டுவைத்திருந்த மொட்டைக் கிள்ளினேன். பந்தல் ஆட்கள் கம்பி ஊன்ற வந்த நேரத்தில் இலைகள் நிமிர்ந்திருந்தன.

பூசம் முடிந்து, செடிகள் மாமரத்தடிக்குத் திரும்பிவிட்டன. லில்லியின் நடுவில் சுருட்டிய காகிதம்போல ஒரு புது இலை நிற்கிறது. தொட்டியும் குளியலறைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் செடிகள் அதில் இருந்த நாட்களில் வாளிக்குள் உட்கார்ந்து குளித்துப் பழகிவிட்டாள் என் மகள். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தொட்டியைத் திரும்பியும் பார்க்காமல், இரண்டு கைகளையும் வாளியை நோக்கி நீட்டுகிறாள்.